ஆறாவதா, ஏழாவதா? கூடலூரில் பாடம் எடுக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

36 பிள்ளைகள், 12 கம்ப்யூட்டர். மரபணு எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் ஆராயும் உயிரித்தகவலியல் லேபை எப்படி நடத்துவது என்று போனில் வருத்தப்பட்டாய். மூன்று பேருக்கு ஒன்று என்பதே நல்ல கணக்கு. ஒருத்தி டைப் செய்யட்டும், ஒருவன் அடுத்த அடியைச் சொல்லட்டும், மூன்றாவது ஆள் நோட்டில் போட்டுப் பார்க்கட்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்று. இல்லாவிட்டால் தெரிந்த பிள்ளை கீபோர்டை விடாது.

ஆரம்பத்தில் நான் பைத்தான் நிரலைப் போர்டில் எழுதிப்போட்டேன். பிசகாமல் அடித்தார்கள், விடையும் வந்தது. பரீட்சையில் ஒரு வரியை மாற்றிக் கேட்டேன், வகுப்பே திகைத்து நின்றது. அன்றோடு போர்டில் நிரல் எழுதுவதை விட்டேன்.

முதல் கணக்கை நம் மலையிலிருந்தே எடு. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் பரம்பரை நோயான சிக்கிள் செல்லின் கூறு 1952-ல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் பதிவானது. இந்தியாவின் முதல் பதிவுகளில் ஒன்று அது. ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உண்டாக்கும் பீட்டா குளோபின் மரபணுவில் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து, ஜிடிஜி ஆகிறது. மூன்றெழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பது கணக்கு. குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் வாலின் வந்துவிடுகிறது. ‘ஆறாவது அமினோ அமிலம்’ என்று பாடப்புத்தகம் சொல்லும். அதை மட்டும் சொல்லி, மரபணு வரிசைகள் கிடைக்கும் என்சிபிஐ தளத்திலிருந்து அந்த மரபணுவின் நகலான எம்ஆர்என்ஏ கோப்பைக் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நில்.

ஒரு குழு கோப்பின் முதல் எழுத்திலிருந்தே மும்மூன்றாகப் பிரிக்கும். புரதம் தொடங்கும் இடமான ஏடிஜிக்கு முன்னால் 50 எழுத்துகள் கிடப்பது கண்ணில் பட்டிருக்காது. இன்னொன்று ஏடிஜியிலிருந்து விரல்விட்டு ஆறு எண்ணி சிசிடியில் நிற்கும். ஏடிஜியிலிருந்து மும்மூன்றாகப் பிரித்த பைத்தான் பட்டியலில் 6 என்று கேட்ட குழுவுக்கு ஜிஏஜி கிடைக்கும், ஏன் என்று தெரியாது. பைத்தான் 0-விலிருந்து எண்ணுகிறது. பழைய எண் முறையோ, ஏடிஜி தரும், பிறகு வெட்டுப்பட்டுப் போகும் முதல் அமினோ அமிலமான மெத்தியோனினைச் சேர்ப்பதில்லை; சேர்த்தால் அது ஏழாவது. ஒன்றுக்கொன்று சரியாகிவிடுகிறது. அதற்கு அடுத்ததும் ஜிஏஜிதான், அதனால் ஒன்று தள்ளி எண்ணியவர்களும் சரி என்றே சாதிப்பார்கள். நீ வாய் திறக்காதே. எல்லாரும் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஒரே மேசைக்கு வரட்டும். சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பில் முன்கூட்டியே சொல்லிவை.

இன்னொன்று. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இந்த நோய் உள்ள வீடுகள் உண்டு. யாரிடமும் வீட்டுக் கதை கேட்காதே. ஒருமுறை, வகுப்பு முழுக்கப் பேசாதிருந்த மாணவி எல்லாரும் போனபின் வந்து, “என் தம்பிக்கு மாறியிருப்பது இந்த எழுத்தா மேடம்?” என்றாள். ஏடிஜியிலிருந்து 20-வது எழுத்து, ஏ-க்குப் பதில் டி. தானே மாற்றி, ஓட்டி, திரையில் வாலின் வருவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடவே உட்கார்ந்திருந்தேன்.

மழைக்காலத்தில் நெட் போய்விடும். கோப்பை இன்றே பென்டிரைவில் ஏற்றிவை. வகுப்பு முடிந்ததும் போன் பண்ணு, எந்தக் குழு எங்கே எண்ணி நின்றது என்று சொல்.

அன்புடன்,
அக்கா
கோத்தகிரி