ஆர்ச்சி பங்கரைப் பார்த்துச் சிரித்தவர்கள்

அன்பு மகளுக்கு,

‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் தொடக்க எபிசோடுகள் சிலவற்றைப் பார்த்துவிட்டு நீ எழுதிய கடிதம் கிடைத்தது. கறுப்பினத்தவர், யூதர்கள், பெண்கள் என்று ஒருவரையும் விட்டுவைக்காமல் வாய்க்கு வந்தபடி ஏசுகிற ஆர்ச்சி பங்கர் என்ற ஒரு மனிதரைப் பார்த்து ஒரு தேசமே எப்படி வயிறு குலுங்கச் சிரித்தது என்று கேட்டிருக்கிறாய். “இன்றைக்கு இப்படி ஒரு தொடரை எடுக்கவே விடமாட்டார்கள்” என்று பெருமூச்சு விடுகிற பழைய ரசிகர்கள்மேலும் உனக்குக் கோபம். அந்தக் கோபத்தை நான் தணிக்கப் போவதில்லை. ஆனால், அன்று அமெரிக்க வீடுகளில் எழுந்தது ஒரே சிரிப்பு அல்ல, ஒன்றுக்கொன்று நேர்மாறான பல சிரிப்புகள் என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

இத்தொடர் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 1971 ஜனவரி 12 அன்று தொடங்கியது. பிரிட்டனின் பி.பி.சி.யில் வந்த ஒரு தொடரைத் தழுவி நார்மன் லியர் உருவாக்கிய இதன் முன்னோட்ட எபிசோடுகளை ஏ.பி.சி. நிறுவனம் இரண்டு முறை வாங்கிப் பார்த்துவிட்டுக் கைவிட்டிருந்தது. சி.பி.எஸ்.ஸுக்கும் உள்ளூர அச்சம் இருந்தது. நமது பலவீனங்களையும் தப்பெண்ணங்களையும் நகைச்சுவையின் வெளிச்சத்தில் காட்டி, அவை எவ்வளவு அபத்தமானவை என்று உணர்த்துவதே நோக்கம் என்கிற அறிவிப்பைத் திரையில் போட்டுவிட்டுத்தான் முதல் எபிசோடை ஒளிபரப்பினார்கள். வசைமாரி பொழியும் என்று கருதித் தொலைபேசிகளைக் கவனிக்கக் கூடுதல் ஆட்களையும் அமர்த்தினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு எதிர்ப்பு வரவில்லை. முதலில் பார்வையாளர்களே அதிகமில்லை. கோடைக்கால மறு ஒளிபரப்பில்தான் மக்கள் இதைக் கண்டுகொண்டார்கள். அதன்பின் 1971–72 முதல் 1975–76 வரை ஐந்து பருவங்கள் தொடர்ந்து அமெரிக்காவில் மிக அதிகம் பேர் பார்த்த தொடராக இது இருந்தது.

இத்தனை பேர் எதைப் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஓர் உழைக்கும் வர்க்கத்து வீடு. தன் நாற்காலியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஆர்ச்சி பங்கர், அவர் மனைவி ஈடித், மகள் குளோரியா, அதே வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டு மாமனாரின் ஒவ்வொரு சொல்லையும் எதிர்க்கிற மருமகன் மைக். மாமனார், மருமகன் சண்டைதான் தொடரின் உயிர். அதில் மைக் பேசுவது நியாயம், ஆர்ச்சி பேசுவது அறியாமை என்று பார்ப்பவர்களுக்குத் தானாகவே விளங்கிவிடும் என்று லியர் நம்பினார். பார்த்தவர்களில் ஒரு சாரார் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். இன்னொரு சாராரோ, தங்கள் மனத்தில் இருந்ததைத் தைரியமாக வெளியே சொல்ல ஒருவர் வந்துவிட்டார் என்று மகிழ்ந்தார்கள். 1972 தேர்தல் சமயத்தில் ஆர்ச்சி பங்கரை அதிபராக்கச் சொல்லும் பேட்ஜுகள்கூட விற்பனையாயின. அவற்றைக் குத்திக்கொண்டு போனவர்களில் யார் வேடிக்கையாகச் செய்தார்கள், யார் மனதார விரும்பினார்கள் என்று அந்த பேட்ஜைப் பார்த்து எவராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

உன் கோபத்தை உனக்கு முன்பே எழுத்தில் வைத்தவர் எழுத்தாளர் லாரா ஹாப்ஸன். யூத வெறுப்பைப் பற்றி நாவல் எழுதியவர் என்பதால் அவர் கருத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. 1971 செப்டம்பரில் ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: இனவெறியர்கள் உண்மையில் பயன்படுத்தும் கொடூரமான வசைகளை விலக்கிவிட்டு, காதுக்கு உறுத்தாத சொற்களை ஆர்ச்சியின் வாயில் வைத்ததன் மூலம் இத்தொடர் வெறுப்பைக் கழுவித் துடைத்து வீட்டுக்குள் அழைத்து வருகிறது, வெறுப்பை அன்புக்குரியதாக ஆக்குவது நேர்மை ஆகாது. லியர் அதே இதழில் பதில் எழுதினார். தப்பெண்ணம் கொடியவர்களிடம் மட்டும் குடியிருப்பதில்லை, நாம் நேசிக்கும் மனிதர்களிடமும் இருக்கிறது என்பது அவர் வாதம். ஆர்ச்சியின் பேச்சில் ஒரு பகுதி லியரின் சொந்தத் தந்தையிடமிருந்து வந்தது என்பதை அறிந்தால், அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்பது உனக்குப் புரியும்.

இந்த வழக்கை ஆராய்ச்சிக் கண்ணோடு அணுகியவர்கள் நீல் விட்மார், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள். அமெரிக்காவில் பதின்வயதினரிடமும் கனடாவில் பெரியவர்களிடமும் கருத்துக் கேட்டு அவர்கள் 1974-இல் வெளியிட்ட முடிவை நான் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். தப்பெண்ணம் மிகுந்தவர்களும் குறைந்தவர்களும் இத்தொடரை ஏறக்குறைய ஒரே அளவுக்கு ரசித்தார்கள். ஆனால் தப்பெண்ணம் மிகுந்தவர்கள் மைக்கைவிட ஆர்ச்சியை அதிகம் விரும்பினார்கள். விவாதத்தில் ஆர்ச்சி பேசுவதே அறிவுக்குப் பொருந்துகிறது என்றார்கள். எழுதியவர் கேலி செய்ததை அவர்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள். ஒரே காட்சி, ஒரே வசனம், ஒரே நொடியில் எழுந்த சிரிப்பு. உள்ளே மட்டும் வெவ்வேறு தீர்ப்புகள். சிரிப்பு தப்பெண்ணத்தைக் கரைத்துவிடும் என்று அந்த முதல் நாள் அறிவிப்பு கொடுத்த வாக்குறுதி, ஏற்கெனவே பாதி கரைந்திருந்தவர்களிடம்தான் பலித்தது என்றே நான் கருதுகிறேன்.

அப்படியென்றால் ஹாப்ஸன் சொன்னதுதான் சரி என்று நீ எழுந்து நிற்பாய். ஆனால் ஆர்ச்சியை நேசிக்க முடியாத ஒரு முரடராகவே காட்டியிருந்தால், பார்த்தவர்கள் எல்லோரும் ‘இவர் வேறு யாரோ, நாம் இல்லை’ என்று நிம்மதியாகச் சேனலை மாற்றியிருப்பார்கள். ஆர்ச்சியாக நடித்த கேரல் ஓ’கானர் அந்த வசதியை யாருக்கும் தரவில்லை. 1978 பிப்ரவரியில் வந்த ‘டூஸ் எ க்ரவுட்’ எபிசோடில் ஆர்ச்சியும் மைக்கும் மதுக்கடையின் சரக்கறைக்குள் பூட்டப்பட்டு இரவு முழுக்க மாட்டிக்கொள்கிறார்கள். போதை ஏற ஏற ஆர்ச்சி தன் சிறுவயதைச் சொல்கிறார். வறுமையில் ஒரு காலில் ஷூவும் இன்னொரு காலில் பூட்ஸும் மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனதையும், மற்றப் பிள்ளைகள் அதையே பட்டப்பெயராக்கி அழைத்ததையும், அப்பா அடித்ததையும், அலமாரிக்குள் அடைத்துவைத்ததையும் சொல்கிறார். உன் அப்பா சொல்லிக்கொடுத்தது தவறு என்கிறான் மைக். தன்மேல் அவ்வளவு அன்பு வைத்திருந்த மனிதர் சொன்னது எப்படித் தவறாக இருக்க முடியும் என்று ஆர்ச்சி திருப்பிக் கேட்கிறார். அதுவரை எந்த வசனத்துக்கும் சிரித்துப் பழகிய அரங்கப் பார்வையாளர்கள் அந்த இடத்தில் அடங்கிப்போகிறார்கள். வெறுப்பு, அன்பின் வழியாகவே ஒரு பிள்ளையிடம் வந்து சேர முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொன்ன காட்சியை நான் தொலைக்காட்சியில் பார்த்ததில்லை. நேசிக்கத் தகுந்த ஆர்ச்சி இல்லாமல் இந்தக் காட்சி இல்லை. அதற்குக் கொடுத்த விலை பெரிது என்பதை ஒப்புக்கொண்டே, கொடுக்கத் தகுந்த விலைதான் என்கிறேன்.

ஈடித்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரசிகர்களும் எதிர்ப்பாளர்களும் ஆர்ச்சியைச் சுற்றியே வாதாடியதில், ஈடித்தாக நடித்த ஜீன் ஸ்டேபிள்டன் செய்ததற்கு உரிய பேச்சு கிடைக்கவில்லை என்பது என் வருத்தம். வாயை மூடு என்று கணவர் அதட்டும்போதெல்லாம் அடங்கிப்போகிற பேதை என்று நீயும் எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் யாரையும் வெறுக்காத ஒரே ஆள் அவள்தான் என்பதைக் கவனித்தாயா? மைக்கின் வெறுப்பு கொள்கையின் பெயரால் வருவது. இருந்தாலும் அதுவும் வெறுப்புதான். 1977-இல் வந்த, ஈடித்தின் ஐம்பதாவது பிறந்தநாள் எபிசோடில், துப்பறிவாளன் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்தவன் அவளைப் பலாத்காரம் செய்ய முயல்கிறான். அடுப்பில் கருகிக்கொண்டிருந்த கேக்கை அவன் முகத்தில் அறைந்துவிட்டு அவள் தப்பும்போது அரங்கத்தில் எழும் ஆரவாரத்தைக் கேள். அங்கே கருத்து வேற்றுமையே இல்லை. எல்லோரும் அவள் பக்கம்.

பார்வையாளர்கள் இத்தொடரிடம் கேட்டு வாங்கிய ஒன்றும் உண்டு. தொடக்கப் பாட்டில் பழைய கார் ஒன்றின் பெயர் வருகிற வரி புரியவில்லை என்று பலர் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஓ’கானரும் ஸ்டேபிள்டனும் அதைத் தெளிவாக உச்சரித்து மறுபடி பாடிப் பதிவு செய்தார்கள்.

நேரம் கிடைக்கும்போது நான் சொன்ன இரண்டு எபிசோடுகளையும் பார். வசனத்தைவிட அரங்கத்தில் இருப்பவர்களின் குரலை உற்றுக் கேள். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே தயங்குகிறார்கள், எங்கே அடங்குகிறார்கள் என்று குறித்துவை. அதன் பிறகும் நீ ஹாப்ஸன் பக்கமே நிற்பாய் என்றால், காரணங்களோடு எழுது. நிதானமாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா