சாக்வா து கே ஜுசெயோ

அன்பு மகள் கயலுக்கு,

தென் கொரியாவில் தேஜான் போய் இரண்டு மாதமாகியும் கடைகளில் வாயே திறப்பதில்லை, மார்ட்டில் கார்டைத் தட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து அப்பாவுக்கு மனசு ஒரு மாதிரியாகவே இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1999-ல் கம்பெனி என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு அதே நாட்டின் உல்சானுக்கு அனுப்பியபோது நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். முதல் வாரம் சந்தையில் ஒரு பாட்டியிடம் ஆரஞ்சு வாங்கப் போனேன். சிவப்பு பிளாஸ்டிக் கூடையில் குவித்து வைத்திருந்தார். விலை சொன்னார், புரியவில்லை. கையிலிருந்த நோட்டையெல்லாம் நீட்டினேன். அவர் வேண்டியதை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தை மடித்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். நல்ல மனுஷி. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து எண்ணப் படித்தேன்.

அங்கே எண்ணுக்கு இரண்டு வரிசை. பொருளை எண்ண அவர்களுடைய சொந்த வரிசை: ஹானா, தூல், செத், நெத், தாசொத். காசுக்குச் சீனத்திலிருந்து வந்த வரிசை: இல், இ, சாம், சா, ஓ, யுக், சில், பால், கூ, சிப். எட்டு 'பால்' என்பது நமக்கு மறக்கவே மறக்காது. நாலு 'சா'. சீனத்திலிருந்து வந்த சாவு என்ற சொல்லுக்கும் அங்கே அதே ஓசை. அதனால் பல லிஃப்டில் நாலாம் மாடிக்கு 4 போடாமல் 'எஃப்' என்று போட்டிருப்பார்கள். நம் 'சா'வும் அதுதானே என்று லிஃப்டுக்குள் நின்று நினைத்துக்கொண்டேன்.

வாக்கியத்துக்குப் பயப்படவே வேண்டாம். சாக்வா, து, கே, ஜுசெயோ. ஆப்பிள், ரெண்டு, எண்ணம், குடுங்க. நாம் பேசுகிற அதே வரிசை! 'குடுங்க'வில் இருக்கிற மரியாதைகூட ஜுசெயோவில் இருக்கிறது. எண்ணுக்குப் பின்னால் 'கே' வந்தால் ஹானா 'ஹான்' ஆகும், தூல் 'து' ஆகும், செத் 'சே', நெத் 'நே'. அவ்வளவுதான். 'எவ்வளவு' என்று கேட்க 'ஒல்மாயெயோ'.

எடைக்குக் 'குன்' என்று ஒரு அளவு சொல்வார்கள். அந்த 'கு'வை உதட்டைக் குவிக்காமல், 'நாக்கு' என்பதன் கடைசி எழுத்தைச் சொல்வதுபோலச் சொல். இறைச்சிக்கு ஒரு குன் 600 கிராம், காய்கறிக்குப் பெரும்பாலும் 400.

நீ தடுமாறுவது பெரிய தொகையில் என்று நினைக்கிறேன். நூறு பேக், ஆயிரம் சொன், பத்தாயிரம் மான். அதற்கு மேல், பத்துக் கோடிக்குக் கீழே எல்லாமே மானை வைத்துத்தான். ஆங்கிலத்தில் கணக்குப் போட்டுக் குழம்பாதே, லட்சம் கோடியில் போடு. பத்து மான் 'சிம்மான்', அது நம் ஒரு லட்சம். 'சொன்மான்' ஒரு கோடி. 50,000 வொன் நோட்டு நான் இருந்தபோது கிடையாது, 2009-ல்தான் வந்தது. அதில் படமாக இருக்கும் ஓவியர் சின் சாயிம்தாங்கின் மகன்தான் 5,000 நோட்டில் இருக்கிறார். இரண்டுமே மஞ்சள் சாயல், அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதே.

நான் திரும்புவதற்கு முந்தின வாரம் அதே பாட்டியிடம் போய் விலை கேட்டு, சரியாக எண்ணிக் கொடுத்தேன். அவர் விரித்த கையில் கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கி என்னோடு சேர்ந்து எண்ணினார். முடிந்ததும் இரண்டு பழத்தை மேலே போட்டு 'தொம்' என்றார். நம்ம ஊர்க் கொசுறு! அந்த இரண்டு பழத்தையும் நான் அங்கேயே நின்று தின்றேன்.

உன் பக்கத்து யூசொங் சந்தை 4, 9-ல் முடியும் தேதிகளில் கூடுமாம், தேடிப் பார்த்தேன். இப்போது ஜேஜூ தீவு ஆரஞ்சு வரும் காலம். அதற்கு அங்கே 'க்யூல்' என்று பெயர். ஒன்பதாம் தேதி போய் ஒரு கூடை வாங்கு. காசை இரண்டு கையாலும் கொடு. அறைக்கு வந்ததும் போன் செய். விலையை நீ கொரிய மொழியிலேயே சொல், எவ்வளவு என்று நான் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா