பென்டியூவின் தண்ணீருக்கு நீங்களும் பொறுப்பு: ஓஎன்ஜிசி விதேஷ் இயக்குநர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனத்தின் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம்.

ஆப்பிரிக்காவின் தெற்கு சூடானில் உங்களுக்கு எண்ணெய்க் கிணறுகளில் பங்கு இருக்கிறது என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. யூனிட்டி மாநிலத்து வயல்களை நடத்தும் கூட்டு நிறுவனத்தில் 25 சதவீதம். அதற்குத் தெற்கே 5ஏ என்ற பிளாக்கில் 24 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நீங்கள் முழுக்க ஓஎன்ஜிசிக்குச் சொந்தம். ஓஎன்ஜிசியில் பாதிக்கு மேற்பட்ட பங்கு இந்திய அரசிடம் இருக்கிறது. காவிரி டெல்டாவில் வரி கட்டி வாழ்கிற எனக்கும் அதில் ஒரு துளி உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டைப் போல நாலரை மடங்குக்கும் மேல் பெரிய நாடு அது. மக்கள்தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். டிங்கா, நூயர், ஷில்லுக், பாரி, அசாண்டே என்று அறுபதுக்கும் மேற்பட்ட இனங்கள், அத்தனை மொழிகள். வெள்ளை நைல் நாட்டின் நடுவே வந்ததும் கரையை விட்டுப் பரந்து 'ஸட்' என்ற பெரும் சதுப்பு நிலமாகிவிடுகிறது. மழைக்காலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். தண்ணீர் வடிய வடிய முளைக்கிற புல்லைத் தேடி மந்தைகள் இறங்கும். நூயர் இளைஞனுக்கு வீட்டில் கொடுக்கிற முதல் காளையின் நிறமே அவனுக்குப் பெயராகிவிடும். அதைப் பாடிக்கொண்டேதான் மேய்ப்பான். மாடுதான் அங்கே மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசம், சேமிப்பு, மானம் எல்லாம். உங்கள் கிணறுகள் இருப்பது இந்த மேய்ச்சல் நிலத்தில்.

2011 ஜூலை 9 அன்று நாடு விடுதலை பெற்றது. வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கு மேல் பிரிவினைக்கு ஆதரவு. பழைய சூடானின் எண்ணெயில் முக்கால் பங்கு தெற்குக்கு வந்தது. ஆனால் அதை வெளியே கொண்டுபோகும் குழாயும் துறைமுகமும் வடக்கில். எடுக்கிற ஒவ்வொரு பீப்பாயும் சூடானைக் கடந்து செங்கடல் கரைக்குப் போயாக வேண்டும். அரசின் வருமானத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் இதிலிருந்துதான். 2012 ஜனவரியில் குழாய்க் கட்டணத் தகராறில் ஒரு வருடத்துக்கு மேல் உற்பத்தியையே நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் சூடான் போருக்கு நடுவே ஒரு குழாய் உடைந்தது, ஏற்றுமதி படுத்தது. ராணுவ வீரர்களும் அரசு ஊழியர்களும் மாதக்கணக்கில் சம்பளம் பார்க்கவில்லை. ஒரு நாட்டின் கஜானா முழுவதும் ஒரு குழாயின் மறுமுனையில் இருந்தால் இதுதான் நடக்கும்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2013 டிசம்பரில் ஜனாதிபதி சல்வா கீருக்கும் அவர் பதவி நீக்கிய துணை ஜனாதிபதி ரியெக் மச்சாருக்கும் மூண்ட மோதல் உள்நாட்டுப் போரானது. அந்தப் போரால் நேர்ந்த மரணங்கள் சுமார் 3.8 லட்சம் என்று 2018இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதே ஆண்டு ஒப்பந்தம் ஒன்று வந்தது, மச்சார் திரும்ப வந்தார். 2025இல் மறுபடி வீட்டுக்காவல், தேசத்துரோக வழக்கு. விடுதலைக்குப் பிறகு ஒரு தேர்தல்கூட நடந்ததில்லை. தேதி தள்ளித் தள்ளி 2026 டிசம்பர் என்றாகியிருக்கிறது.

சரி, உங்கள் பங்குக்கு வருகிறேன். 2003இல் நீங்கள் யூனிட்டி வயல்களின் 25 சதவீதத்தை வாங்கியது கனடாவின் டாலிஸ்மன் நிறுவனத்திடம். அந்த நிறுவனம் ஏன் விற்றது என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது சூடானில் வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரை எண்ணெய் மோசமாக்குகிறது என்றும், எண்ணெய் வயலில் இருந்த ஹெக்லிக் விமான தளத்தைச் சூடான் ராணுவ விமானங்கள் பயன்படுத்தின என்றும் கனடா அரசு அனுப்பிய குழுவே 2000இல் சொன்னது. பங்குதாரர்கள் நெருக்கினார்கள், அவர்கள் கிளம்பினார்கள், எழுபது கோடி டாலருக்கு மேல் கொடுத்து நீங்கள் உள்ளே போனீர்கள். 5ஏ பிளாக்கை முன்பு நடத்தியது ஸ்வீடனின் லுண்டின். 1999 முதல் 2003 வரை அங்கே நடந்த போர்க்குற்றங்களுக்கு உடந்தை என்ற குற்றச்சாட்டில் அதன் முன்னாள் தலைவர்கள் இருவர்மீது 2023 செப்டம்பரில் ஸ்டாக்ஹோமில் விசாரணை தொடங்கியது. இருவரும் மறுக்கிறார்கள், நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அந்தக் குற்றச்சாட்டு எதுவும் உங்கள்மீது இல்லை என்பதையும் தெளிவாகவே சொல்கிறேன். ஆனால் ஆளைத் துரத்திவிட்டுக் காலிசெய்த நிலம் என்று புகார் உள்ள இடத்தில் பங்கு வாங்குகிறவருக்கு, அங்கே முன்பு யார் குடியிருந்தார்கள் என்று கேட்கிற கடமை உண்டு.

5ஏ பிளாக்கில் தார் ஜாத் என்று ஒரு வயல். எண்ணெயோடு சேர்ந்து மேலே வருகிற உப்புநீர் எங்கே போகிறது என்பதுதான் அங்கே முதல் கேள்வி. சுற்றுவட்டாரக் கிணற்று நீரில் உப்பும் கன உலோகங்களும் ஏறியிருப்பதாக ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு தொண்டு நிறுவனம் பல ஆண்டுகள் சொல்லிவந்தது. மக்களின் தலைமுடியைச் சோதித்து ஈயமும் பேரியமும் இருப்பதாகவும் அறிவித்தது. இதை நீங்கள் ஏற்கலாம், மறுக்கலாம். எப்படியானாலும் கூட்டு நிறுவனத்தின் சொந்த அளவீடுகள் பொதுவெளிக்கு வரவேண்டும்.

அப்புறம் வெள்ளம். 2021இல் யூனிட்டி மாநிலத்தின் தலைநகரான பென்டியூவைச் சூழ்ந்த நீர் வடியாமல் நின்றுவிட்டது. ஊரும், போரால் இடம்பெயர்ந்தவர்களின் முகாமும் மண் கரைகளுக்குள், சுற்றியிருக்கும் நீர்மட்டத்துக்குக் கீழே கிடந்தன. மாடுகள் செத்தன. பெண்கள் தண்ணீருக்குள் இறங்கி அல்லிக்கிழங்கு பறித்து வந்து இடித்துச் சமைத்தார்கள். எண்ணெய் வயல்களுக்குள்ளும் அந்த வெள்ளம் புகுந்தது. கழிவுநீர்க் குட்டைகளில் இருந்ததெல்லாம் எந்தப் பக்கம் போயிருக்கும்? கிழங்கு பறித்த தண்ணீரும் அதுதானே.

பணத்தைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்நாட்டின் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி எண்ணெய் வருவாயில் 2 சதவீதம் உற்பத்தி நடக்கும் மாநிலத்துக்கு, 3 சதவீதம் அங்குள்ள சமூகங்களுக்கு. யூனிட்டி மாநிலத்தின் லேர், மாயெண்டிட் வட்டாரங்களில்தான் 2017இல் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. எண்ணெய் விளையும் மாநிலத்தில் பஞ்சம்! எண்ணெய்ப் பணம் வரவுசெலவுக் கணக்குக்கு வெளியே, 'எண்ணெய்க்குச் சாலை' என்ற பெயரில், செல்வாக்குள்ளவர்களோடு தொடர்புடைய நிறுவனங்களுக்குப் போனதை ஐ.நா. ஆணையம் 2025இல் எழுதியது. அந்த அரசு கணக்குக் காட்டாமல் போகலாம். நீங்கள் கொடுத்ததை நீங்கள் காட்டலாமே.

2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் உங்கள் தாய் நிறுவனத்தின் குழாய் கசிந்து வயலில் எண்ணெய் பரவியது. மக்கள் மறியல் செய்தார்கள், தடியடி வாங்கினார்கள், சிறைக்கும் போனார்கள். இருந்தாலும் போய் நிற்க ஒரு கலெக்டர் ஆபீஸ் இருந்தது, உயர் நீதிமன்றம் இருந்தது, ஓட்டு கேட்டு வருகிற எம்.எல்.ஏ. இருந்தார். 2020இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டமே வந்தது. பென்டியூக்காரருக்கு இதில் எது இருக்கிறது? அங்கே கேட்க ஆளில்லாததால்தான் இங்கிருந்து நான் கேட்கிறேன்.

எங்கள் பங்கு சிறியது, நடத்துவது வேறு நிறுவனம் என்பீர்கள். கால் பங்கு லாபத்தை வாங்கும்போது சிறியதாகத் தெரியவில்லை. மலேசியாவின் பெட்ரோனாஸ் 2024இல் அங்கிருந்து வெளியேறிவிட்டது. நாளை நீங்களும் கிளம்பலாம். கிளம்பும் முன் சுத்தம் செய்வதற்கான பணத்தைத் தனிக் கணக்கில், யாரும் கைவைக்க முடியாதபடி போட்டுவிட்டுப் போங்கள்.

இந்தியா அங்கே எண்ணெய்க்காக மட்டும் போகவில்லை. ஐ.நா. அமைதிப் படையில் இருந்த நம் வீரர்கள் 2013இல் அந்த மண்ணில் உயிர்விட்டார்கள். மலக்காலில் நம் படையினர் நடத்தும் கால்நடை மருத்துவமனைக்கு மக்கள் மாடுகளை ஓட்டி வருகிறார்கள். அந்த நல்ல பெயரில்தான் உங்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் அடுத்த ஆண்டறிக்கையில் தார் ஜாத்துக்கென்று சில பக்கங்கள் ஒதுக்குங்கள். எத்தனை குட்டைகள், எங்கே, கடைசியாக எப்போது நீர் சோதிக்கப்பட்டது, என்ன வந்தது, ஆண்டுவாரியாக அரசுக்குப் போன தொகை எவ்வளவு, அதில் அந்த 5 சதவீதம் ஊருக்குச் சேர்ந்ததா என்று எழுதுங்கள். சோதனையை ஜூபா பல்கலைக்கழகத்தாரும் வெளி ஆய்வகம் ஒன்றும் சேர்ந்து செய்யட்டும். முடிவை நூயர் மொழியில் அச்சிட்டு, வானொலியிலும் படிக்கச் சொல்லி, முதலில் பென்டியூவில் கொடுங்கள். எங்களுக்கு அப்புறம் அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
காவிரி டெல்டாவிலிருந்து ஒரு குடிமகன்