பாடத்தேர்வுப் படிவத்துக்கு முன் பிள்ளைகளுக்கு வேலையிடங்களைக் காட்டக் கோரும் மனு

பெறுநர்: மதிப்பிற்குரிய மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்

அனுப்புநர்: 9ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பொருள்: 10ஆம் வகுப்புக்குப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன், மாணவர்கள் தொழில்களை நேரில் பார்த்தறிய வழிசெய்ய வேண்டுதல். முந்தைய மனுக்களின் தொடர்ச்சி.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். இதே வேண்டுகோளைச் சென்ற ஆண்டும் அதற்கு முன்பும் தங்கள் பார்வைக்கு அனுப்பினோம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை எங்களிடம் இருக்கிறது, பதில்தான் இல்லை. மூன்றாம் பருவத்தில் இவ்வாண்டின் படிவம் வகுப்புக்கு வந்துவிடும் என்பதால் மீண்டும் எழுதுகிறோம். ஆங்கிலப் படியை இணைத்துள்ளோம். கையொப்பமிடும் மூத்தவர்கள் தாமே படித்துப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பதற்காகத் தமிழிலும் எழுதியிருக்கிறோம்.

எங்கள் ஊரின் பேவியூ ஃபிளாட்டுகளையும் வெஸ்ட்கிளிஃப், மான்ட்ஃபோர்டு, கிராஸ்மூர் பகுதிகளையும் தாங்கள் நன்கு அறிவீர்கள். ஆகவே ஊரைப் பற்றி விளக்காமல் குறையைச் சொல்கிறோம்.

1. 10ஆம் வகுப்பில் ஏழு பாடங்கள். இரண்டு மொழிகளும், வாழ்க்கைத் திறன் பாடமான லைஃப் ஓரியன்டேஷனும் கட்டாயம். நான்காவதாகக் கணிதம் அல்லது அன்றாட வாழ்க்கைக் கணக்கைச் சொல்லித்தரும் மேத்ஸ் லிட் எடுக்க வேண்டும். மீதி மூன்று பிள்ளையின் விருப்பம். 14, 15 வயதில் அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

2. எங்களை மிகவும் வருத்துவது அந்த நான்காவது பாடம்தான். 2006இல் மேத்ஸ் லிட் வந்தது. அது கெட்ட பாடம் அல்ல. வட்டிக் கணக்கும் வரிக் கணக்கும் வரைபடம் படிப்பதும் யாருக்கும் உதவும். வேண்டிய படிப்புக்கு அது போதும் என்று தெரிந்து எடுப்பவரைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. தெரியாமல் எடுப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம். மேத்ஸ் லிட் எடுத்த பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல், பட்டயக் கணக்காளர் படிப்பு ஆகியவற்றின் கதவு 15 வயதிலேயே மூடிவிடுகிறது. மூடியது அந்தப் பிள்ளைக்குத் தெரிவது 12ஆம் வகுப்பான மெட்ரிக் நெருங்கும்போது.

இதை எழுதும் பாட்டியான நான், என் பேத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன். 9ஆம் வகுப்பில் கணிதத்தில் நடுத்தர மதிப்பெண். தோழிகள் மேத்ஸ் லிட் என்று குறித்தார்கள், இவளும் குறித்தாள். ஏன் என்று பள்ளியிலும் கேட்கவில்லை, வீட்டில் எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. 11ஆம் வகுப்பில் இருந்தபோது, பக்கவாதம் வந்த தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். பிசியோதெரபி பிரிவில் ஒரு பெண் அவருடைய கையைப் பிடித்து விரல் விரலாக அசைக்கவைத்ததைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்படி ஒரு வேலை இருப்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று தேடினாள். கணிதம் வேண்டும் என்று இருந்தது. அதன் பிறகு அவள் அதைப் பற்றி வீட்டில் பேசவே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, படிவம் நிரப்புவதற்கு முந்திய வாரத்தில், யாராவது அவளை அந்தப் பிரிவுக்குள் ஒரு காலைப் பொழுது நிற்கவைத்திருந்தால்? நாங்கள் கேட்பது அந்த ஒரு காலைப் பொழுதைத்தான்.

3. லைஃப் ஓரியன்டேஷனில் எல்லாம் சொல்லித் தருகிறார்கள் என்று பதில் வரலாம். 7 முதல் 9ஆம் வகுப்பு வரை அந்தப் பாடத்துக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் உடற்கல்விக்குப் போய்விடுகிறது. மீதி ஒரு மணி நேரத்தை நான்கு தலைப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. தொழில் உலகம் அந்த நான்கில் ஒன்று. ஆசிரியர்களை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு வேறு பாடங்களும் இருக்கின்றன.

4. பெற்றோர் வழிகாட்டலாமே என்றும் கேட்கலாம். இதை எழுதும் நான் துணித் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து வேலை செய்தவள். மலிவான இறக்குமதித் துணி வந்த பிறகு இந்த ஊரின் பெண்கள் அந்த வேலையை எப்படி இழந்தார்கள் என்பது தங்களுக்குத் தெரியும். தெற்கே இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருந்தன. ஒன்று 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு ஓடவில்லை, மற்றொன்று 2022இல் நின்றது. எங்களுக்குத் தெரிந்த வேலைகளைச் சொல்லித் தரலாம் என்றால் அந்த வேலைகளே இல்லை. மிஞ்சியவை டாக்டர், வக்கீல், டீச்சர், கணக்கர். ரேடியோகிராஃபர் என்றும் நில அளவையர் என்றும் ஆய்வகத் தொழில்நுட்பர் என்றும் எங்கள் வாயில் எப்படி வரும்?

5. உயர்கல்வித் துறை இணையத்தில் தொழில் ஆலோசனைத் தளம் நடத்துகிறது, கேத்தா என்ற பெயரில் வழிகாட்டலும் தருகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் அத்தகைய வினாப்பட்டியல்கள் "இயந்திரங்களோடு வேலை செய்யப் பிடிக்குமா?" என்று கேட்கும்போது, ஒரு கடைசல் இயந்திரத்தைக் கண்ணால் காணாத பிள்ளை என்ன பதில் எழுதும்? சேலை வாங்கக்கூட விரித்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

6. தூரத்து இடம் எதையும் நாங்கள் கேட்கவில்லை. ஆர். கே. கான் மருத்துவமனை சாட்ஸ்வொர்த்துக்குள்ளேயே இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றமும் இங்கே இருக்கிறது. புரோஸ்பெக்டனில் டொயோட்டா கார் ஆலை, அதைத் தாண்டினால் துறைமுகம், நகரத்தில் டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். எல்லாம் ஒரு பஸ் பயணத்தில் அடங்கும். இரண்டாம் பருவத்தில் 9ஆம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் ஒதுக்குங்கள்: ஒரு நாள் அவர்களே விரும்பிய இடத்தில், மற்றொரு நாள் அவர்கள் நினைத்தே பார்க்காத இடத்தில். திரும்பும் முன் அங்கே வேலை செய்பவர் ஒருவரிடம் "10ஆம் வகுப்புக்கு நீங்கள் என்ன பாடம் எடுத்தீர்கள்?" என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். அனுமதிக் கடிதங்களை நாங்கள் சேகரிக்கிறோம். துணைக்கு வரப் பாட்டிமார் இருக்கிறோம். வேலையிடங்களுக்குத் துறையின் பெயரில் கடிதம் மட்டும் தாருங்கள். எங்கள் கடிதத்துக்கு எந்தக் காவலாளியும் கேட்டைத் திறப்பதில்லை.

கைவேலையில் கெட்டிக்காரப் பிள்ளைகளையும் மறக்காதீர்கள். 9ஆம் வகுப்பு தேறினாலே தொழிற்கல்லூரியில் என்.சி.வி. என்னும் தொழிற்சான்றிதழ்ப் படிப்பில் சேரலாம். பயிற்சி முடித்து டிரேட் டெஸ்ட் என்னும் தொழில்திறன் தேர்வில் தேறினால் தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனோ ஃபிட்டரோ ஆகலாம். இதை எங்கள் பிள்ளைகளிடம் சொல்வார் இல்லை. சொல்லும் ஓரிருவரும் படிப்பு வராதவனுக்கான தண்டனை போலச் சொல்கிறார்கள். அது எங்களுக்குக் கோபத்தை உண்டாக்குகிறது.

7. தவறான தேர்வுக்கு விலை யார் கொடுக்கிறார்கள்? அரசின் மாணவர் நிதி, படிப்புக் காலத்துக்கு மேல் ஓர் ஆண்டுக்குத்தான் உதவுகிறது. முதலாண்டில் "இது எனக்கானது அல்ல" என்று உணர்ந்து மாறும் பிள்ளை அந்த ஓர் ஆண்டை அப்போதே செலவழித்துவிடுகிறது. அதன் பிறகு ஒரு பாடத்தில் தோற்றால் நிதி நிற்கும், வீட்டில் கடன் தொடங்கும். தங்கள் அலுவலகத்துக்கு இரண்டு நாள் பஸ் செலவு பெரிதா, அம்மா? எத்தனை முறை எழுதினால் ஒரு பதில் வரும்? எங்கள் பிள்ளைகள் 9ஆம் வகுப்பில் காத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நீங்கள் யோசிக்கும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு வகுப்பு அந்தப் படிவத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பிவிட்டுப் போகிறது.

8. சொல் கடுமையாக இருந்தால் பொறுத்தருளுங்கள். கேட்பதில் மாற்றம் இல்லை: படிவத்துக்கு முன் இரண்டு நாள்.

இரண்டாம் பருவம் தொடங்கும் முன் எழுத்துமூலம் பதில் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். மறுப்பதாக இருந்தாலும் காரணத்தைக் குறிப்பிட்டு மறுத்து எழுதுங்கள். அந்தக் கடிதத்தோடு மாகாணக் கல்வித் துறையிடம் முறையிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சாட்ஸ்வொர்த் 9ஆம் வகுப்புப் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும்
(கையொப்பங்கள் தனித்தாளில்)