நன்றியைப் பிள்ளையே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செப்டம்பர் 5 நெருங்குவதை என் பேத்தியின் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுதான் எங்கள் வீட்டுக்கு முதலில் தெரிவிக்கிறது. 'ஆசிரியர் தினப் பரிசுக்குத் தலைக்கு 300 ரூபாய், வெள்ளிக்கிழமைக்குள் ஜிபே செய்யவும்' என்று இந்த ஆண்டும் செய்தி வந்தது. சென்ற ஆண்டு இவ்வாறு திரட்டிய பணத்தில் வாங்கிய சுவர்க் கடிகாரத்தை இரண்டு தாய்மார்கள் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வண்ணத்தாள் சுற்றிய அந்தப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாது. பணம் தராத வீட்டுச் சிறுவன் ஒருவன் படத்தின் ஓரத்தில் நின்றான்.

நான் 31 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள். எனக்கும் ஐந்து கடிகாரங்கள் வந்திருக்கின்றன. எது எந்த வகுப்பு தந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது (ஓடுவது ஒன்றுதான்). ஆனால் 'டீச்சர், கடன் வாங்கிக் கழித்தல் எனக்கு இப்ப வருது' என்று கணக்கு நோட்டின் கடைசித் தாளைக் கிழித்து ஒரு மாணவன் எழுதித் தந்த ஒற்றை வரி, ரேஷன் கார்டு இருக்கும் உறையில் இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அதனால் இம்முறை பேத்தியையே எழுதச் சொன்னேன். அவள் முதலில் எழுதியது கடையில் விற்கும் வாழ்த்து அட்டையின் வாசகம். அதை ஒதுக்கிவிட்டு, 'மிஸ் சொல்லிக்கொடுத்ததில் உனக்கு எது மறக்கவில்லை?' என்று கேட்டேன். வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தவள், 'வாயப்பயம்' என்றாள். சென்னைப் பிள்ளைகள் பலரைப் போல ழகரம் வராமல் வகுப்பில் கேலிக்கு ஆளானவளை, அந்த ஆசிரியை எல்லார் முன்பும் திருத்தாமல், சாப்பாட்டு இடைவேளையில் தனியே அழைத்து, நாக்கை மேலே மடிக்கச் சொல்லி ஒரு வாரம் பழக்கியிருக்கிறார். இது எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. 'மிஸ், நான் இப்போது வாழைப்பழம் என்று சொல்கிறேன். தாத்தாவுக்கும் சொல்லிக்கொடுத்தேன்' என்ற இரண்டு வரிதான் கடைசியில் கடிதமாயிற்று. அதைப் படித்த ஆசிரியை வருகைப் பதிவேட்டுக்குள் வைத்துக்கொண்டாராம். (300 ரூபாயையும் அனுப்பிவிட்டோம், குழுவில் வாதாட எனக்குத் தெம்பில்லை.)

ஆசிரியருக்கு நன்றி சொல்வது என்றாலே எனக்கு உ.வே.சாமிநாதையர் நினைவுதான் வருகிறது. அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-இல். அவருடைய சரித்திரத்தை மாணவர் இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934 ஆண்டுகளில். ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும், ஆசிரியர் எப்படிப் பாடம் சொன்னார், எதற்கு மகிழ்ந்தார் என்று எழுத அவருக்கு நினைவிருந்தது. அவர் 1903 முதல் 1919 வரை பணியாற்றிய நம் மாநிலக் கல்லூரியில்தான், ஆசிரியர் தினத்துக்குக் காரணரான ராதாகிருஷ்ணனும் 1909-இல் பணியில் சேர்ந்தார். கடற்கரைச் சாலை வழியே பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் அந்தக் கட்டடத்தைக் காட்டி இதைச் சொல்லலாம்.

எழுதத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளை வாயால் சொல்வதைத் தாயோ தந்தையோ எழுதித் தரலாம். ஆனால் அதன் மழலையைத் திருத்தக் கூடாது. மேல் வகுப்புக்குப் போய்விட்டவர்கள் பழைய ஆசிரியருக்கு ஓர் அஞ்சலட்டை போடலாம். அது செப்டம்பரில்தான் போய்ச் சேர வேண்டும் என்பதில்லை. தேர்வுத்தாள் கட்டுகளோடு அல்லாடும் மார்ச் மாதத்தில் வந்தால் இன்னும் நல்லது.

பள்ளித் தலைமையாசிரியர்களுக்குத் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். ஆசிரியர் தினத்துக்காகப் பணம் திரட்டக் கூடாது என்று ஆகஸ்டு மாதத்திலேயே பெற்றோருக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்கு நம் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக எழுதும் கடிதங்கள் ஒருநாளும் தபால் பெட்டியைக் கண்டதில்லை. கடிதம் எழுதும் பயிற்சிக்குரிய பாடவேளைகளில் ஒன்றையாவது, உரியவர் கையில் சேரும் ஒரு கடிதத்துக்காக ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
அயனாவரம், சென்னை.