கொலையாளியைப் படக்குறிப்பிலேயே சொல்லலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு மலரில் ‘அந்த நாள்’ திரைப்படத்தைப் பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படிக்கத் தொடங்கினேன். கொலை செய்தவர் யார் என்பதைப் படத்தின் கீழிருந்த குறிப்பிலேயே அச்சிட்டிருந்ததைக் கண்டு மனம் வருந்தி இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1954-இல் ஏவி.எம். தயாரிப்பில், அப்போது 27 வயதே ஆகியிருந்த வீணை எஸ். பாலசந்தர் இயக்கிய இப்படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை என்பதைக் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருக்கிறார். அது ஊரறிந்த செய்தி. ‘ரஷோமோன்’ படத்தின் சாயல் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் ஜப்பானியப் படத்தில் நடந்தது இன்னதென்று கடைசிவரை பிடிபடாது. ‘அந்த நாள்’ படத்திலோ பிடிபட்டே தீரும். 1943 அக்டோபரில் சென்னையில் குண்டு விழுந்ததற்கு மறுநாள், வானொலிப் பொறியாளர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுடப்பட்டு விழுகிறார். ஜாவர் சீதாராமன் துப்பறியும் அதிகாரியாக வந்து விசாரிக்க, பக்கத்து வீட்டுக்காரர் ராஜனின் தம்பியைக் காட்டுகிறார், தம்பி தன் மனைவியையே காட்டுகிறான், அவள் வேறொருத்தியைக் காட்டுகிறாள், அவளோ சுற்றி வந்து பக்கத்து வீட்டுக்காரரையே காட்டுகிறாள். ஒவ்வொருவர் வாயிலும் செத்தவன் வேறு வேறு ஆளாகிறான். இதற்கு மேல் எழுதினால் நானும் அதே தவற்றைச் செய்தவனாவேன்.

(இக்கதையைப் பாலசந்தர் முதலில் நாடகமாக எழுதி வானொலி நிலையத்துக்கு அனுப்பியபோது ஏற்க மறுத்துவிட்டார்கள் என்பார்கள். வானொலிப் பொறியாளனின் கதைக்கு வானொலியில் இடமில்லாமல் போனது வேடிக்கைதான்.)

சென்ற மாதம் எங்கள் கொழிஞ்சாம்பாறையில் வாசகசாலைச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி இப்படத்தைத் திரையிட்டோம். நான் சிறுவனாக இருந்தபோது கொட்டகையில் பார்த்த படம். பின்னாலிருந்த ஒருவர் முடிவைச் சொல்ல வாயெடுக்க, “சும்மா இருங்க, பையன் பார்க்கட்டும்” என்று என் தந்தையார் அதட்டியது இன்றும் காதில் இருக்கிறது. அந்த நினைவில், கடைசிப் பகுதி வருவதற்கு முன் படத்தை நிறுத்தி, பிள்ளைகளிடம் ஆளுக்கொரு துண்டுத்தாளைக் கொடுத்துக் கொலையாளியின் பெயரை எழுதச் சொன்னோம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு, ஏதோ பரீட்சை எழுதுவதுபோல எழுதினார்கள். மொத்தம் 31 தாள்கள். சரியாக எழுதியவர்கள் இரண்டே பேர். அவர்களில் ஒருவன், கைபேசியில் யாரோ எழுதியிருந்ததை முன்பே படித்துவிட்டதாகத் தலையைச் சொறிந்துகொண்டு ஒப்புக்கொண்டான். மற்றொருத்தி ஏழாம் வகுப்பு மாணவி. மலையாளப் பள்ளியில் படிப்பவள். வீட்டில் பேசும் தமிழையே மலையாள எழுத்தில் எழுதியிருந்தாள். பெயருக்குக் கீழே, “ஏன்னு தெரியல, ஆனா இவங்கதான்” என்று ஒரு வரி. படம் மறுபடியும் ஓடத் தொடங்கியபோது அந்தப் பெண் எழுந்து நின்றே மீதியைப் பார்த்தாள்.

எழுபது ஆண்டுகள் கடந்த படத்துக்கு இனி என்ன ரகசியம் என்று கேட்பவர்கள் உண்டு. படத்துக்கு வயதாகியிருக்கலாம், அன்று வாசகசாலையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு ஆகவில்லையே. அவர்களில் சிலருடைய வீடுகளுக்குக் கோவைப் பதிப்பாக வருவதும் தங்கள் நாளிதழ்தான். நல்ல வேளையாக நாங்கள் முந்திக்கொண்டோம்.

பழைய துப்பறியும் படங்களைப் பற்றித் தாங்கள் தொடர்ந்து எழுத வேண்டும் என்பதே என் விருப்பம். முடிவைச் சொல்லியே ஆக வேண்டிய கட்டுரையாக இருந்தால், குறுக்கெழுத்துப் போட்டியின் விடையைப் போல அந்த ஒரு பத்தியை மட்டும் பக்கத்தின் அடியில் தலைகீழாக அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.