படிக்க 50 படுக்கை, பாடம் நடத்த 220 படுக்கை

தேசிய மருத்துவ ஆணையத்தின் தலைவர், உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம். 62 படுக்கை உள்ள ஒரு தாலுகா அரசு மருத்துவமனையில் 14 ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். எம்.டி. முடித்தவன். போன மாதம் ஒரு மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். சான்றிதழ் சரிபார்த்தவர் என் அனுபவச் சான்றில் படுக்கை எண்ணிக்கையைப் பார்த்தார், கோப்பை மூடிவிட்டார். "220 வேணும் டாக்டர்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, விதி உங்களுடையது.

கல்லூரி இணைப்பு இல்லாத அரசு மருத்துவமனையில் 10 ஆண்டு வேலை பார்த்த சிறப்பு மருத்துவர் இணைப் பேராசிரியர் ஆகலாம் என்று 2025-இல் நீங்கள் அறிவித்தபோது நாங்கள் வார்டில் ஸ்வீட் கொடுத்தோம். அந்த மருத்துவமனையில் 220 படுக்கையாவது இருக்க வேண்டும் என்ற வரியை அப்புறம்தான் படித்தோம்.

சரி, படுக்கை குறைந்தால் பாடமும் குறையும் என்று நினைத்திருக்கலாம். ஆனால் முதுநிலை மாணவர்களை (பி.ஜி.) மூன்று மாதம் மாவட்ட ரெசிடென்சிக்கு, அதாவது கல்லூரிக்கு வெளியே அரசு மருத்துவமனைப் பயிற்சிக்கு, அனுப்ப 100 படுக்கை வேண்டும் என்றிருந்ததை, 2023 விதிகளில் 50 ஆகக் குறைத்ததும் நீங்கள்தானே? அப்படித்தான் எங்களிடமும் பி.ஜி.க்கள் வருகிறார்கள். அவர்கள் கற்றுக்கொள்ள 50 போதும், கற்றுக்கொடுக்கிறவனுக்கு மட்டும் 220.

போன ஆவணியில் ஒரு நாள், விடியற்காலை நான்கு மணி. களத்தில் காவலுக்குப் படுத்திருந்த பையன் வயிற்றுவலி என்று வந்தான். டியூட்டியில் இருந்த பி.ஜி. டாக்டர் அல்சருக்கு ஊசி எழுதிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அவருடைய கல்லூரிக்கு இதே பையன் போய்ச் சேரும்போது வாயில் குழாயோடும், 'பாம்புக்கடி' என்று எழுதிய சீட்டோடும்தான் போயிருப்பான். பெயர் எழுதாத நோய் எங்களிடம்தான் முதலில் வரும். "இமையைப் பாரும்மா" என்றேன். பாதி தொங்கியிருந்தது. "தரையிலயா படுத்த?" "ஆமா சார்." கட்டுவிரியன் கடி. அதன் விஷம் ஏறினால் வயிறு வலிக்கும், இமை தொங்கும். உடம்பு முழுக்கத் தேடியும் பல் தடம் இல்லை. அந்தப் பாம்பு கடித்தால் பெரும்பாலும் அப்படித்தான். 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினோம். மூச்சு தளர்ந்தபோது குழாய் போட வேண்டியதாயிற்று. எங்களிடம் வென்டிலேட்டர் இல்லை. 108 வரும்வரை அந்த பி.ஜி. டாக்டர்தான் மூச்சு கொடுக்கும் ஆம்பு பையைக் கையால் அழுத்திக்கொண்டே நின்றார், வண்டியிலும் அவரே ஏறிப் போனார். பையன் பிழைத்துவிட்டான்.

இனி வயிற்றுவலி என்று யார் வந்தாலும் அவர் கை முதலில் இமைக்குப் போகும். படிப்பையும், அதன்பின் சீனியர் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பணியையும் முடித்து அவர் உதவிப் பேராசிரியர் ஆகிவிடுவார். ஆகட்டும், நல்ல டாக்டர். அவருக்கு அந்த இரவைச் சொல்லிக்கொடுத்தவனுக்குத்தான், உங்கள் கணக்கில், கற்பிக்கும் தகுதி போதாது.

கல்லூரிப் பேராசிரியர் வந்தாரா என்று முகத்தைப் படம்பிடித்து வருகை பதிகிறீர்கள். வந்தவர் பாடம் நடத்தினாரா என்பது கேமராவுக்குத் தெரியாது. புதுக் கல்லூரிகளுக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை என்ற புலம்பலும் நிற்கவில்லை. கிடைக்கிறவர்களை நீங்களே கட்டிலை எண்ணித் திருப்பி அனுப்பினால் எங்கிருந்து கிடைப்பார்கள்? கட்டிலை எண்ணினால் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பவர்களையும் எண்ணுங்கள், காய்ச்சல் காலத்தில் நாங்களும் 220-ஐ நெருங்கிவிடுவோம்.

மன்னிக்கவும், கேட்க வந்தது அதுவல்ல. உங்கள் விதிப்படி மாவட்ட ரெசிடென்சி மாணவர் அனுப்பப்படும் மருத்துவமனை எதுவானாலும், அங்கே வேலை பார்க்கும் சிறப்பு மருத்துவர்களுக்கு 220 என்ற வரம்பை நீக்குங்கள். அங்கே அவர்கள் கற்பித்த மாதங்களைக் கற்பித்தல் அனுபவமாகவே கணக்கில் எடுங்கள். புதிய சலுகை எதுவும் கேட்கவில்லை. 50 என்று நீங்கள் எழுதிய அதே எண்ணை இந்த விதியிலும் எழுதித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை அடுத்த பி.ஜி. வருகிறார். அவருடைய பதிவேட்டில் 'கற்பித்தவர்' என்ற இடத்தில் வழக்கம்போல் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு தாலுகா அரசு மருத்துவர்